அளத்துக்குப் போன நாலாம் வகுப்பு

புதுக்கோட்டை என்றதும் தொண்டைமான் அரண்மனையை நினைத்துவிட வேண்டாம். இது தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் நாற்கரச் சாலையில் வரும் புதுக்கோட்டை. பேருந்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தால் தெரியாமலே கடந்துவிடும். இந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் இயற்கையிடம் படிக்கவிட வேண்டும் என்று பயிற்சி வகுப்புகளில் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். சொல்லும்போதெல்லாம் சாந்திநிகேதன் மரத்தடியும் டோட்டோ சானின் ரயில்பெட்டி வகுப்பறையும் வந்துவிடும். திரையில் ஓடும் படத்தில் எப்போதும் ஓர் அருவி இருக்கும்.

எங்கள் பக்கம் அருவிக்கு எங்கே போவது? பனை, உடைமரம், கோடையில் வற்றும் குளம், கிழக்கே உப்பளம், அதற்கும் கிழக்கே கடல். இதில் எங்கே போய் நின்றாலும் அங்கே யாராவது வேலை செய்துகொண்டிருப்பார்கள். பனையில் ஏறுகிறவர், குளத்தங்கரையில் ஆடு மேய்க்கிறவர், அளத்தில் உப்பு வாருகிறவர். இந்தக் கடற்கரையில் இயற்கை என்பது யாரோ ஒருவருடைய பிழைப்பு. பெரும்பாலும் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் அம்மாவோ அப்பாவோதான் அந்த யாரோ.

நாலாம் வகுப்பை ஒருமுறை அளத்துக்குக் கூட்டிப்போனோம். நிலத்தடி உவர்நீரை இறைத்து, பாத்தி பாத்தியாகக் கடத்தி, வெயிலில் சுண்டவிடுகிறார்கள். தண்ணீரின் அடர்த்தி பார்க்கும் மானியில் சுமார் 25 டிகிரி காட்டும்போது உப்பு இறங்கத் தொடங்கும். 30ஐ நெருங்கினால் கசப்பு உப்புகளும் சேர்ந்துகொள்ளும், அதற்குள் அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இதையெல்லாம் கணக்குப்பிள்ளை விளக்கிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரைக் கவனிக்கவில்லை. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், பாத்தி வரப்பில் குந்தியபடி பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: “தண்ணி மேல ஏடு கட்டும் பாத்துக்க. காலை வச்சா நறநறங்கும். அப்பதான் வாரணும்னு எங்கம்மா சொல்லுவா.”

ஏடு என்று அவள் சொன்னதைக் கைலென்ஸில் பார்த்தோம். நடுவில் குழிந்த சின்னச் சின்னச் சதுரங்கள் தண்ணீர்மேல் மிதந்தன. காற்று கொஞ்சம் அசைந்ததும் ஒவ்வொன்றாக மூழ்கின. உப்பின் படிகம் கனசதுரம் என்று நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், அது உருவாகிக்கொண்டிருப்பதைப் பார்த்தது அன்றைக்குத்தான். பலசரக்குக் கடைக்காரர் மகன் ஒருவன், வாரிக்கொண்டிருந்த பெண்ணிடம், “வெள்ளையா இப்படிக் கண் கூசுதே, கூலிங்கிளாஸ் போட மாட்டீங்களா?” என்று கேட்டான். “வாங்கித் தந்தா போட மாட்டமா தம்பி” என்று அவர் சிரித்தார். இந்தக் கேள்வி எந்தப் பாடத்தின் பயிற்சி வினாக்களிலும் இல்லை.

எல்லாம் இப்படி இனிமையாக நடந்தது என்று சொல்ல முடியாது. அளத்து வேலைக்காரர் மகன் இன்னொருவனும் எங்களோடு வந்திருந்தான். வேனை விட்டு இறங்கியதிலிருந்து கடைசி ஆளாகவே நடந்தான். அவன் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பது முகத்தில் எழுதியிருந்தது. நான் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, “நீ சொல்லுப்பா” என்பதுதான் இந்த மாதிரிப் பயணங்களில் ஆசிரியர் செய்யக்கூடிய பெரிய கெடுதல்.

திரும்பி வந்ததும் உடன் வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் கேட்டார், “இது குலக்கல்வி மாதிரி இல்லையா டீச்சர்?” தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் யாரும் பிள்ளைகளைப் பெற்றோர் வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டிப்போக முடியாது, கூட்டிப்போகவும் கூடாது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த, குலக்கல்வி என்று பெயர் வாங்கிய திட்டம் கிராமப்புறப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த ஆண்டே காமராசர் முதல்வரானதும் திட்டம் போனது. போனது நல்லது. ஆனால் அதில் அளத்துக்காரர் பிள்ளை மட்டும்தான் அளத்துக்குப் போயிருக்கும், கடைக்காரர் பிள்ளை கடையில் உட்கார்ந்திருக்கும். நாங்கள் கூட்டிப்போனது எல்லாப் பிள்ளைகளையும். யாரும் வாருகோலைத் தொடவில்லை. பார்த்தார்கள், கேட்டார்கள், வந்து எழுதினார்கள். வேலையைப் பழக்குவது வேறு, அந்த வேலைக்குள் இருக்கும் அறிவை எல்லோர் முன்னாலும் அறிவு என்று ஒப்புக்கொள்வது வேறு. நண்பர் பாதிதான் ஒத்துக்கொண்டார்.

ஒப்புக்கொள்ளத் தவறினால் அந்த அறிவு என்ன ஆகும் என்பதற்கு முத்தைப் பார்க்கலாம். இந்தக் கரையில் முத்துக்குளிப்பு 1961இல் நடந்ததுதான் கடைசி. எந்த முத்துப்பார் எங்கே, எந்தக் காற்றில் தண்ணீர் தெளியும் என்பதையெல்லாம் உடம்பில் வைத்திருந்த குளியாட்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்ந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்ததில் ஒரு வரிகூட நான் வகுப்பில் நடத்தியதில்லை. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் தூத்துக்குடியில் இருக்கிறார்கள். ஒருவரைப் பள்ளிக்கு அழைக்க ஆகும் செலவு பஸ் டிக்கெட்டும் ஒரு டீயும்தான்.

சுற்றுச்சூழல் கல்வி எல்லா வகுப்பிலும் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1991இல். பாடமாக வந்தது. பாடமாக வந்ததுமே ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ ஆகிவிட்டது.

அளத்துக்கு வேன் வேண்டும், குளத்துக்கு அதுவும் வேண்டாம். ஜனவரி மாதங்களில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 2011 முதல் நடந்து வருகிறது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டக் குளங்களில் தன்னார்வலர்கள் நின்று எண்ணுகிறார்கள். சும்மா இருக்காத நாமக்கோழிக் கூட்டத்தைப் பத்துப் பத்தாகக் கண்ணால் பிரித்து எண்ணச் சொல்லுங்கள், மூன்றாம் வகுப்புக் கணக்கில் மணிச்சட்டம் தராத ஒன்று அதில் கிடைக்கும். ஆளுக்கொரு விடை வரும். யார் விடை சரி என்று ஆசிரியருக்கும் தெரியாது, மறுபடி எண்ண வேண்டியதுதான்.

குளம் என்றதும் தலைமையாசிரியர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். மண் அள்ளிய குழிகள் தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாது, நாற்கரச் சாலையைப் பிள்ளைகளோடு கடப்பதும் லேசில்லை. கரையை விட்டு இறங்கக் கூடாது, இருபது பிள்ளைக்கு இரண்டு பெரியவராவது வேண்டும், ஒருவர் ஊர்க்காரராக இருந்தால் நல்லது.

அதைவிடப் பெரிய தடை பள்ளி மணி. ஒன்பதரைக்குப் பிரார்த்தனை முடிந்து நாம் புறப்படும்போது பறவைகள் ஒதுங்கியிருக்கும், பனையேறி இறங்கியிருப்பார், அளத்தில் இருட்டோடு வந்தவர்கள் வேலையை முடித்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது எல்லாம் எட்டு மணிக்குள் முடிந்துபோகிறது. உப்பு சீசன் சூடுபிடிக்கும் முன், பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை ஆறரைக்கு வரச்சொல்லி, அதற்கு ஈடாக ஒரு வேலைநாளில் மதியமே அனுப்பிவிடலாம். அதற்கு வட்டாரக் கல்வி அலுவலர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளைகள் ஆறு மணிக்கே வந்து நிற்பார்கள்.