சிவப்பு மையில் என் தவறு

ஓய்வுபெற்ற பிறகும் ஒரு விடைத்தாள் உறுத்துகிறது.

கணக்கு: −2எக்ஸ் < 6. "குறை எண்ணால் வகுத்தால் குறியைத் திருப்பணும்" என்று மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். ஒரு மாணவி −3 < எக்ஸ் என்று முடித்திருந்தாள். எண்கோட்டில் −3-இல் வெற்று வட்டம், வலப்பக்கம் அம்புக்குறி. குறி திரும்பவில்லையே என்று முட்டை போட்டேன்.

"பூஜ்ஜியம் போட்டுப் பாருங்க சார், சரியா வருது" என்றாள்.

"விதி விதிதான், போய் உட்காரு."

பல வருடம் கழித்துத்தான் உறைத்தது. இருபுறமும் 2எக்ஸைக் கூட்டி, 6-ஐக் கழித்து, 2-ஆல் வகுத்திருக்கிறாள். குறை எண்ணால் வகுக்கவே இல்லை. பிறகு எதற்குத் திருப்ப வேண்டும்? விதியை நான் சொன்னேன். காரணம் அவளுக்குத்தான் தெரிந்திருந்தது.

அதன்பின், "எப்படி வந்துச்சு?" என்று கேட்காமல் எந்த விடையையும் அடித்ததில்லை.

இதைப் படித்தால், அந்த மார்க் உனக்குத்தான் அம்மா.