புது எஞ்சினைப் பழக்குதல்

புதிய மோட்டார் சைக்கிளை முதலில் மெதுவாகவே ஓட்ட வேண்டும் என்பர் பெரியோர். அது பாதி உண்மையே. மறுபாதியை, 1982 இல் எம் இல்லத்திற்குப் புல்லட் வந்தபோது அறிந்துகொண்டோம்.

அதன் சிலிண்டர் வார்ப்பிரும்பு. பிஸ்டனோ அலுமினியக் கலப்புலோகம். சூடேறினால் அலுமினியம் இரும்பைவிட மிகுதியாக விரியும். ஆதலால் புது வண்டியை நெடுநேரம் முடுக்கினால் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதற்கஞ்சியே மெதுவோட்டம். ஆயினும், பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு பொருந்துவதற்கு, உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம் அவற்றை வெளிநோக்கித் தள்ளியாக வேண்டும். எந்நேரமும் தாலாட்டுவதுபோல் ஓட்டினால் சுவர் வழவழத்துவிடும், வளையம் பொருந்தாது, எண்ணெய் எரிந்து புகையும். வேகத்தைச் சற்றே ஏற்றியும் இறக்கியும், உயர் கியரில் திணறவிடாமலும் ஓட்டுவதே முறை. நாற்பதைத் தாண்டாமல் ஒரே வேகத்தைப் பிடிவாதமாய்க் காப்போரை நாம் இன்றும் காண்கிறோம்!

வாரந்தோறும் அன்னையாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவே கடன்பட்டு வாங்கிய வண்டி அது. தொடக்கத்தில் பின்னால் பாரம் ஏற்றலாகாது என்று மெக்கானிக் கூறக் கேட்ட அவர், "அது பழகட்டும் தம்பி, நான் பஸ்ஸிலேயே போய் வருகிறேன்" என்றார். மூன்று வாரம் அவ்வாறே சென்றார். 500 கிலோமீட்டர் ஆனதும் எண்ணெயை வடித்தோம். அதில் உலோகத் துகள்கள் மின்னின. புது எண்ணெய் ஊற்றினோம். அடுத்த செவ்வாயன்று அன்னையார் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னிருக்கையில் அமர்ந்தார்.