அச்சும் அச்சமும்

“தண்ணி இறைக்கிற இஞ்சினுக்கு நாலு சக்கரத்தைக் கட்டி வெச்சிருக்குது. இத வாங்கிட்டுப் போய் என்ன பண்ணப் போறீங்க டீச்சரம்மா?”

கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடைக்காரர் எங்களைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்கமாட்டாரா! தோளில் பையும் கையில் குடையுமாக மூன்று ஆசிரியைகள். எதிரே, துரு தின்று தீர்த்த மிச்சமாய் ஒரு கோ-கார்ட். எங்களுள் ஒருவர் தமிழ் படித்தவர், ஒருவர் வரலாறு, ஒருவர் பொருளியல். மூவர் பட்டங்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தாலும், ஒரு திருகாணியை எப்பக்கம் திருப்பினால் கழலும் என்ற அறிவு அதில் குன்றிமணி அளவும் தேறாது. ஆயினும் வாங்கினோம். விலை 4,500 ரூபாய். 2023ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையின் முதல் வாரம் அது.

ஏன் வாங்கினோம்? சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் நாங்கள் மூவரும் குடியிருக்கிறோம். வீட்டுக்கார அம்மாவின் பேத்தி எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். அப்போது எட்டாம் வகுப்பை முடித்திருந்தாள். ஒருநாள் அவள், “டீச்சர், பெட்ரோல் ஊத்துனா சக்கரம் எப்படிச் சுத்துது?” என்று கேட்டாள். “அறிவியல் டீச்சரைக் கேள்” என்றோம், மூவரும் ஒரே குரலில். ‘ஏன் என்று கேள், எதற்கு என்று கேள்’ என மேடைதோறும் மாணவர்க்கு ஓதும் வாய்கள்தாம் அவை! அன்றிரவு எங்களுக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் அது கதை, நன்றாகவே உண்டோம். ஆனால் வெட்கம் இருந்தது. அந்த வெட்கந்தான் எங்களை உக்கடம் வரை நடத்திச் சென்றது.

கோ-கார்ட் என்றால் சீமான் வீட்டுச் செல்லப்பிள்ளைகளின் விளையாட்டு என்றே எண்ணியிருந்தோம். இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் அதன் பிறப்பு அத்தகையதன்று. 1956இல் அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில், பந்தயக் கார் செய்யும் பட்டறையொன்றில் பணிபுரிந்த ஆர்ட் இங்கல்ஸ் என்பவர், இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, புல்வெட்டும் எந்திரத்துக்கு ஆகும் சிற்றிஞ்சின் ஒன்றை அதில் பூட்டினார். லூ பொரெல்லி என்ற நண்பர் உடன் நின்றார். பாசடீனா நகரின் ரோஸ் பவுல் அரங்கத்து வண்டி நிறுத்துமிடத்தில் அதை ஓட்டிக் காட்டினர். பார்த்தவரெல்லாம் எனக்கொன்று, உனக்கொன்று என்று கேட்கத் தொடங்கினர். பட்டறைக்காரரின் ஓய்வுநேரத்தில் பிறந்த வண்டி இது! கோவைக்கும் இவ்வகை வண்டிகளுக்கும் நெருங்கிய உறவுண்டு. மாருதி காரின் உறுப்புகளைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் வடித்த கரிவர்தன் இந்நகரத்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவையாரே.

வண்டி வீடு வந்து சேர்ந்தது. மூன்று நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தோம். தொட அஞ்சினோம். நான்காம் நாள் எதிர்வீட்டுப் பெரியவர் வந்தார். நூற்பாலையில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பிட்டராக இருந்தவர். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆலை மூடியபின் திண்ணையே கதி. வந்தவர் வண்டியை ஒருமுறை பார்த்தார், எங்களை ஒருமுறை பார்த்தார்.

“சாக்பீஸ் இருக்குதுங்களா டீச்சரம்மா?”

இருக்காதா! எங்கள் வீட்டில் வேறென்ன இருக்கும்? சட்டத்தின் பற்றவைப்புகள் மீது மண்ணெண்ணெயைத் தடவினார். சிறிது நேரம் கழித்து நன்றாகத் துடைத்தார். பின்னர் சாக்பீசைப் பொடித்து மேலே பூசினார். காத்திருக்கச் சொன்னார். வெண்மையான பூச்சின் நடுவே, இருக்கையைத் தாங்கும் குழாயின் ஓரத்தில், தலைமயிர் போன்ற ஓர் ஈரக்கோடு மெல்ல எழுந்தது. கண்ணுக்குத் தெரியாத கீறலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிந்து தன்னைத் தானே காட்டிக் கொடுத்தது! கோ-கார்ட்டுக்கு வில்லும் இல்லை, அதிர்வு தாங்கியும் இல்லை. சட்டமே வளைந்து நெளிந்து அந்த வேலையைச் செய்கிறது. ஆகவே கீறல் விழுந்தால் அங்கேதான் விழும் என்றார். ஐந்தாண்டுகளாக எங்கள் கையில் தேய்ந்த சாக்பீசுக்கு இப்படியொரு பயன் உண்டென்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதன்பின் அச்சம் விட்டது. கார்புரேட்டரைப் பிரித்தோம். நெடுநாள் தேங்கிய பெட்ரோல் பிசினாகி, ஊசித்துளை அடைத்திருந்தது. எங்களுள் ஒருவர் தையலூசியுடன் பாய்ந்தார். பெரியவர் கையைப் பிடித்துத் தடுத்தார். எஃகு ஊசி துளையை அகலமாக்கிவிடுமாம். மின்கம்பியிலிருந்து ஒற்றைச் செப்பிழையை உருவித் துளையை நீக்கினார். பொறி வரவில்லை. காந்தம் பதித்த விசைச் சக்கரத்துக்கும் மின்சுருளுக்கும் இடையே 0.4 மில்லிமீட்டர் அளவு இடைவெளி வேண்டும். அளக்கக் கருவி இல்லை. “கலியாணப் பத்திரிகை ஒண்ணு கொடுங்க” என்றார். எங்கள் தோழியின் திருமண அழைப்பிதழில் ஒரு துண்டு நறுக்கி இடையில் செருகி, மின்சுருளை அதன்மேல் படியவைத்துத் திருகாணியை முடுக்கி, அட்டையை உருவிவிட்டார். நீலப்பொறி பறந்தது! 163 சி.சி. இஞ்சின் இருமிற்று, புகைந்தது, பின்னர் ஓடிற்று. டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்திருந்த சிறுமி குதித்தாள். நாங்களும் குதித்தோம் என்பதை மறைப்பானேன்?

குதித்த கால் தரையில் படுமுன் அது நடந்தது.

பின் சக்கரங்களைச் செங்கல் மேல் தூக்கி நிறுத்தியிருந்தோம். இவ்வண்டியில் பின்சக்கரம் இரண்டும் ஒரே கெட்டி அச்சில் பூட்டியவை. இருக்கைக்குப் பின்னே, ஒரு சாண் தொலைவில், மூடாக்கு ஏதுமின்றி அந்த அச்சு சுழலும். விசையைக் கூட்டியதும் கிளட்ச் பிடித்தது, அச்சு சுழன்றது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் தோழியின் துப்பட்டா நுனி அதில் பட்டது. பட்டது என்று நாங்கள் உணருமுன் அவர் தரையில் கிடந்தார். பெரியவர் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கி எறிந்தார். துப்பட்டா கிழிந்ததால் கழுத்து பிழைத்தது. சிவந்த வடு பத்து நாள் இருந்தது.

வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

வீட்டுக்கார அம்மா பழைய செய்திகளைத் தன் கைப்பேசியில் தேடி எடுத்து எங்கள் முன் வைத்தார். 2018இல் அரியானா மாநிலத்துப் பிஞ்சூர்ப் பூங்காவில் கோ-கார்ட்டில் சென்ற பெண்ணின் கூந்தல் சக்கரத்தில் சிக்கி உயிர் போனது. 2020இல் ஐதராபாத்தை அடுத்த ஓரிடத்தில் கல்லூரி மாணவி ஒருத்திக்கும் அதே முடிவு. பொய்ச் செய்திகள் அல்ல, நடந்தவை. “பாத்தீங்களா கண்ணு? பொம்பளைப் பிள்ளைக ஏறுற வண்டியா இது? எம் பேத்திய இது பக்கமே விடமாட்டேன்.” நாங்கள் வாதாடவில்லை. வாதாட வாய் வரவில்லை. மேடையிலே பெண்ணுரிமை பேச எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிவந்த வடுவைப் பார்க்குந்தோறும் அந்த அம்மா சொல்வதுதான் சரியோ என்று உள்ளம் அரித்தது. இரண்டு வாரம் தார்ப்பாய் அப்படியே கிடந்தது. சிறுமி மட்டும் அதைத் தாண்டிச் செல்லும்போதெல்லாம் எங்களைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

பெரியவர்தாம் பேச்செடுத்தார்.

“எங்க மில்லுல அந்தக் காலத்துல பெல்ட்டுல வேட்டி சிக்கி ஒரு ஆளுக்குக் காலே போச்சுங்க. அதுக்காக ஆம்பளைக மில்லுக்கு வரவேண்டாம்னு யாரும் சொல்லலியே! பெல்ட்டுக்குக் கூண்டு போட்டாங்க. அவ்வளவுதானுங்க.”

அவ்வளவுதான்! மூன்று பட்டதாரிகளுக்கு ஏன் தோன்றவில்லை இது? வேட்டி சிக்கினால் குற்றம் பெல்ட்டினுடையது. கூந்தல் சிக்கினால் குற்றம் கூந்தலினுடையதா? மூடவேண்டியது அச்சையா, பெண்ணையா? வரலாறு படித்த எங்கள் தோழி சட்டநூலைப் புரட்டினார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஆபத்து விளைக்கும் எந்திர உறுப்புகளுக்கு வேலியிட வேண்டுமென 21ஆம் பிரிவில் கூறியது. மிக நன்று. அடுத்த பிரிவிலேயே, ஓடும் எந்திரத்துக்கு எண்ணெயிடும் பணியில் பெண்ணை விடலாகாது என்றும் கூறியது. எந்திரத்தைச் சுற்றி ஒரு வேலி, பெண்ணைச் சுற்றி இன்னொரு வேலி! முதல் வேலி ஒழுங்காக இருந்தால் இரண்டாவது எதற்கு என்று அந்நாளில் எவரேனும் கேட்டனரோ என்னவோ. சென்னையைச் சேர்ந்த அலிசா அப்துல்லா சிறுமியாக இருந்தபோதே கோ-கார்ட் ஓட்டத் தொடங்கி, பின்னர் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் ஆடவரோடு போட்டியிட்டவர். அவருக்கும் கூந்தல் உண்டு.

தார்ப்பாயை எடுத்தோம். தகடு வாங்கினோம். சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் ஒரு கூண்டு. அச்சின் முழு நீளத்துக்கும் ஒரு மூடி. இருக்கைக்கும் இஞ்சினுக்கும் நடுவே தோளுயரத் தடுப்பு. வெட்டும்போது கைகள் கிழிந்தன. முதல் மூடி கோணல். இரண்டாவதும் கோணல்தான், ஆனால் பொருந்தியது. இனிமேல் ஏறுபவர் யாராயினும் சடையைச் சட்டைக்குள் செருகி, தலையைத் துணியால் இறுக்கி, தலைக்கவசம் அணிந்தே ஏறவேண்டும் என்றும் விதித்துக்கொண்டோம். ஆனால் மூடி பயன்படுமா என்று எப்படி அறிவது? யார் தலையை வைத்துப் பார்ப்பது?

அப்போது வீட்டுக்கார அம்மா உள்ளே சென்றார். திரும்பியபோது அவர் கையில் ஒரு சவரி இருந்தது. அவர் திருமணத்தன்று வைத்துப் பின்னியதாம். நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பெட்டியில் கிடந்தது. “இதைக் காட்டிப் பாருங்க” என்றார். குரலில் நம்பிக்கை இல்லை, சவால் இருந்தது.

நீண்ட கழியின் நுனியில் சவரியைக் கட்டினோம். கழியை அவரே பிடித்துக்கொண்டார். இஞ்சின் உறுமியது. மேலே காட்டினார், பின்னே காட்டினார், பக்கவாட்டில் காட்டினார்; ஒன்றும் நேரவில்லை. இடப்புறப் பேரிங்கின் அருகே வந்ததும், விரற்கடை இடைவெளி ஒன்றின் வழியே, சடையில் பாதி நொடிப்பொழுதில் உள்ளே போயிற்று! “பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று கூவினார். தோற்றுப்போனோம். ஆனால் விந்தை என்னவென்றால், அடுத்த மூடியை வளைக்கும்போது அந்த இடைவெளியை விரலால் தொட்டுக் காட்டி, “இங்க, இங்க” என்று பணித்தவரும் அவரே. மறுநாள் மீதிச் சவரியைக் கட்டினோம். கால் மணி நேரம், அந்த அம்மா வெறியோடு, இண்டு இடுக்கெல்லாம் கழியை நுழைத்துப் பார்த்தார். ஓர் இழைகூடப் போகவில்லை. கழியைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை.

சாலையில் ஓட்டும் வண்டி அன்று இது. பெரியவர் வேலைபார்த்த ஆலையின் காவலர் அவருடைய பழைய நண்பர்; அவரிடம் அனுமதி பெற்று, ஆலையின் சிமெண்டு முற்றத்திற்கு வண்டியைத் தள்ளிச் சென்றோம். நாங்கள் மூவரும் முறைவைத்து ஓட்டினோம். நேரே ஓடியது. வலப்புறம் திரும்பினால் ஓடியது. இடப்புறம் திரும்பினால் மட்டும் தும்மித் தும்மி நின்றது! மூன்று முறை, அதே இடம், அதே தும்மல். “கண்ணு பட்டிருச்சு” என்று முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார் வீட்டுக்கார அம்மா. நாங்கள் தடுக்கவில்லை. தடுத்துவிட்டால், பிறகு எப்படி ஓடினாலும் பழம் வைத்திருந்தால் முன்னமே ஓடியிருக்கும் என்ற பேச்சு நிலைத்துவிடும் அன்றோ! பழம் நசுங்கியது. வண்டி இடப்புறம் திரும்பியது. நின்றது.

எங்களுள் ஒருவருக்கு, யார் என்று சொல்லமாட்டோம், பழம் நசுங்கிய கணத்தில் ஓடிவிடக்கூடாதே என்ற அச்சமும் ஓடிவிட்டால் தேவலை என்ற ஆசையும் ஒருங்கே இருந்தன.

பெரியவர் எண்ணெய் மூடியைத் திறந்தார். 0.6 லிட்டர் கொள்ளும் இஞ்சினில் நாங்கள் ஊற்றியிருந்தது அதற்கு மிகக் குறைவு. எண்ணெய் குறைந்தால் பொறியை வெட்டி இஞ்சினை நிறுத்தும் மிதவை ஒன்று உள்ளே இருக்கிறது. இடப்புறம் திரும்பும்போது இருந்த எண்ணெயும் ஒரு பக்கம் ஒதுங்க, மிதவை தாழ்ந்தது, பொறி நின்றது. பேயும் இல்லை, கண்ணேறும் இல்லை; இஞ்சின் வெந்து போகாமல் காத்த காவல்காரனை நாங்கள்தாம் குற்றவாளி என்று எண்ணிவிட்டோம். எண்ணெய் நிறைந்தது; இடப்புறமும் ஓடியது.

சிறுமி எங்களைக் கேட்கவில்லை. பாட்டியைப் பார்த்தாள். “அம்மாயி?” என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அந்த அம்மா பேத்தியை அருகே அழைத்தார். இரட்டைச் சடையையும் தம் கையாலேயே சுருட்டிச் சட்டைக்குள் செருகினார். துணியை இறுக்கிக் கட்டினார். தலைக்கவசத்தின் வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு வண்டியின் பின்னே சென்று குனிந்து, இடப்புறப் பேரிங்கின் மூடியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

நான்கு சுற்று வந்தாள். ஐந்தாம் சுற்றில் எங்கள் அருகே நிறுத்தினாள். “பிரேக்கை ரெண்டு தரம் மிதிச்சாத்தான் பிடிக்குது டீச்சர்” என்றாள்.

“குழாயில காத்து ஏறியிருக்கும்” என்றார் பெரியவர்.

“காத்து ஏறுனா ஏன் பிடிக்காது?”

அவள் எங்களைத்தான் பார்த்துக் கேட்டாள். விடை எங்களுக்குத் தெரியவில்லை. பொருளியல் படித்தவர் ஸ்பேனரை எடுத்தார். மற்ற இருவரும் முற்றத்திலேயே மண்டியிட்டு அமர்ந்தோம்.