கம்பளியின் கடமை

வெப்பத்தை அகழ்ந்தெடுக்கும் ஊர் எங்கள் நெய்வேலி. 1957ஆம் ஆண்டு மே மாதம் பண்டித நேரு இங்குச் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962 முதல் பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரமாகி வருகிறது. ஆயினும் மார்கழிப் பனி இறங்கிவிட்டால், விடியற்கால ஷிப்டுக்குச் செல்லும் நாங்களும் மப்ளரையும் ஸ்வெட்டரையும் தேடுகின்றோம்.

கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. அதன் சுருண்ட இழைகளுக்கிடையே தங்கும் காற்று, நம் உடற்சூடு வெளியேறாமல் காக்கிறது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளில் வாழும், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த அல்பாகாவின் மென்மயிரும், நம் நீலகிரி ஆட்டின் மயிரும் புரியும் தொண்டு இதுவே. மயிர் கொண்டு ஆடை நெய்தோர் புகார் நகரில் வாழ்ந்தனர் என்பதைச் சிலப்பதிகாரத்தால் அறிகின்றோம்.

மயில் போர்வையைப் போர்த்திக்கொள்ளாது என்பதை அறிந்தும், அதற்கு ஈந்தவன் வள்ளல் பேகன். நம் வீட்டுப் பெட்டிகளிலோ, பிள்ளைகள் வளர்ந்தமையால் சிறுத்துப்போன ஸ்வெட்டர்கள் பாச்சை உருண்டைகளோடு துயில்கின்றன. விடியுமுன் பால் கொணர்பவரும், செய்தித்தாள் போடும் சிறுவனும், இரவெல்லாம் விழித்திருக்கும் காவலரும் பருத்தித் துண்டொன்றைச் சுற்றிக்கொண்டு நம் வாயிலில் நிற்கின்றனர். கேட்க அவர்கள் நாணுவர். துவைத்து, அறுந்த பொத்தானைத் தைத்து, விருந்தினருக்கு அளிப்பதுபோல் மடித்து, கேளாமுன்னரே நாம் கொடுத்தல் வேண்டும். எவர்க்கும் உதவாது பெட்டியில் கிடக்கும் கம்பளி, நாளடைவில் பூச்சிக்கே இரையாகும் அன்றோ?