கையருகில் இருந்த உதவி

சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் யான் என் ஊராகிய ஏரியூரில் தங்கியிருந்தேன். தருமபுரி மாவட்டத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்திற்கு அணித்தாயுள்ளது அவ்வூர். சில திங்களுக்குமுன் காலஞ்சென்ற என் பாட்டியார், தாம் இருந்த நாளிற் பாடிய பாட்டொன்றைக் கைப்பேசியிற் பதிந்து வைத்திருந்தேன். அதனை எழுத்தில் வடித்துக் கல்லூரி திறக்கும் நாளில் ஆசிரியரிடம் அளித்தல் வேண்டும்.

ஓரடி மட்டும் விளங்கவில்லை. காற்றின் இரைச்சலும் பாட்டியாரின் இருமலும் அதனை விழுங்கிவிட்டன. “பரிசில்” என்று ஒரு சொல் கேட்டதாகத் தோன்றிற்று. சங்கப் புலவர் வள்ளல்களை நாடிப் பெற்ற பரிசில் எங்கள் ஏரியூர்ப் பாட்டிலும் வாழ்கின்றதோ! உள்ளம் பூரித்து, நீண்டதோர் அடிக்குறிப்பும் வரைந்துவிட்டேன். ஆயினும் மனச்சான்று விடவில்லை. மெதுவாக ஓட்டிக் கேட்டாலன்றித் துணிதல் தகாது என்றது.

என் கணினியில் வி.எல்.சி. என்னும் ஒலி, ஒளி இயக்கி இருந்தது. பாரிஸ் நகரை அடுத்த எக்கோல் சென்ட்ரல் கல்லூரி மாணவர் 1996-ஆம் ஆண்டு தொடங்கிய முயற்சியிற் பிறந்தது அது. 2001 முதல் யாவரும் கட்டணமின்றி எடுத்தாளவும் திருத்தவும் உரிமை பெற்றது. அதில் வேகத்தைக் குறைப்பது எங்ஙனம் என்பதை யான் அறியேன். உதவிக்குரிய எஃப்1 விசையை அழுத்தினேன். சிறு பலகையொன்று திறந்து, இணையத்திலுள்ள விளக்கங்களைக் காணுமாறு கைகாட்டிற்று. அன்றோ எங்கள் வீட்டில் இணையத்தொடர்பு இல்லை. நீர் கேட்டவனுக்கு அயலூர்க் கிணற்றைக் காட்டியது போலாயிற்று!

சினந்து மூடப் போனவன், சற்றே பொறுத்து ஒவ்வொரு பட்டியாகத் திறந்து நோக்கினேன். விருப்பங்கள் பகுதியில் விசைகளின் அட்டவணை முழுவதும் இருந்தது. இடப்புறச் சதுர அடைப்புக்குறி வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும். வலப்புறக் குறி கூட்டும். சமக்குறி இயல்பு வேகத்திற்கு மீட்கும். காட்சிப் பட்டியில் மேம்பட்ட கட்டுப்பாடுகளைத் தெரிவு செய்ததும் புதிய பொத்தான்கள் சில தோன்றின. ஒன்றன்மீது சுட்டியை நிறுத்தினேன். குறித்த ஓரிடந்தொட்டு மற்றோரிடம்வரை திரும்பத் திரும்ப ஓட்டுதற்கு உரியது என அதுவே தன் பயனை உரைத்தது.

அவ்வடியை மெதுவாக்கி, ஓயாது ஓடவிட்டுக் கேட்டேன். பரிசில் அன்று, “பரிசல்”! மணமகளாய்க் காவிரியைப் பரிசலிற் கடந்து வந்ததைப் பாட்டியார் எத்தனை முறை எனக்குச் சொல்லியிருக்கின்றார்! ஏட்டறிவின் செருக்கினால் அவர் வாழ்வையே அழித்து, என் பாடத்தை அவர் வாயில் இட்டேன். அடிக்குறிப்பை வெட்கத்தோடு அடித்தேன்.

பின்பு சமக்குறியை அழுத்தினேன். பாட்டியாரின் குரல் தன் இயல்பில் எழுந்தது. அடுக்களையிலிருந்த அன்னையார் கைவேலையை விட்டு வந்து, கதவருகே நின்று கேட்டார். பாட்டு முடியுமளவும் ஒன்றும் பேசவில்லை.

நண்பர்களே, ஊர்ப்பாட்டுக்களைப் பதிந்து வைத்திருப்பீராயின், ஐயுற்ற சொல்லை அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். இன்னும் ஒருமுறை, மெதுவாகக் கேளுங்கள்.