பூக்காத செடிகளைத் தேடி 70 வளைவு!

நாமக்கல்னா முட்டை, லாரி, ஆஞ்சநேயர். சேலம்னா மாம்பழம், ஸ்டீல், வெள்ளிக் கொலுசு. இதைத் தாண்டி நம்ம ரெண்டு மாவட்டத்துல என்ன இருக்குன்னு கேட்டா, 'வெயில் இருக்கு பாஸ்' என்று சொல்கிற கோஷ்டியில்தான் நானும் இருந்தேன். ஹாஸ்டல் பின்பக்கச் சந்தில் வழுக்கி விழுகிற வரைக்கும்!

தீபாவளி லீவு முடிந்த வாரம். நல்ல மழை. துணி எடுக்கக் குறுக்கு வழியில் ஓடியவன், சறுக்கி முட்டியைப் பேர்த்துக்கொண்டேன். சுவர், தரை எல்லாம் பச்சைப் பசேல். கடுப்பில் ஒரு போட்டோ எடுத்து, எம்.எஸ்ஸி. தாவரவியல் படிக்கிற பெரியம்மா பொண்ணுக்கு அனுப்பினேன். 'இந்தப் பாசியை ஒழிக்க என்ன ஊத்தணும் அக்கா?'

'ஒண்ணும் ஊத்தாதே. சனிக்கிழமை வர்றேன்' என்று பதில் வந்தது.

சொன்னபடி வந்தாங்க. பையிலிருந்து கட்டைவிரல் சைஸில் ஒரு லென்ஸை எடுத்து என் கண்ணில் வைத்து, தலையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினாங்க. அவ்வளவுதான்... சுவர் காணாமப் போச்சு! எதிரே ஒரு காடு. குட்டிக் குட்டித் தண்டு, அதைச் சுற்றிப் பளபளவென்று இலைகள்.

"இது ஹயோஃபிலா மாதிரி இருக்குடா. நம்ம பக்கத்துச் சுவருங்கள்ல சாதாரணமா வர்ற பாசி. ஏப்ரல் மாசம் இந்தச் சுவரு எப்படி இருந்துச்சு?"

"கரி பூசின மாதிரி கறுப்பா இருந்துச்சு."

"அதுவும் இதேதான். சாகலை, காய்ஞ்சு கிடந்துச்சு."

விஷயம் இதுதான். பாசிக்கு நிஜமான வேர் கிடையாது. சுவரைப் பிடித்துக்கொள்ள மெல்லிய நூல்கள் மட்டும்தான். தண்ணீரை உடம்பு முழுக்க உறிஞ்சும். சுற்றிலும் ஈரம் போனால் தானும் காய்ந்து, இலையைச் சுருட்டிக்கொண்டு, எல்லா வேலையையும் நிறுத்திவிடும். மழை விழுந்ததும் சில நிமிடங்களிலேயே இலை விரிந்து பச்சையாகிவிடும். நம்ம லேப்டாப்பின் ஸ்லீப் மோடு மாதிரி. ஆனால், பேட்டரியே இல்லாமல்!

ப்ளஸ் ஒன்னில் ஃப்யுனேரியா படம் வரைந்து பாகம் குறித்தவன்தான் நான். அதன் பங்காளிகள் நம்ம சுவத்துலயே குடியிருக்காங்கன்னு அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது வந்ததுதான் இந்த ஐடியா. பூக்காத, விதை போடாத செடிகளை மட்டுமே பார்க்க ஒரு டூர்!

முதல் ஸ்டாப், சேலம் கண்ணங்குறிச்சி மூக்கனேரி. ஏற்காடு மலை அடிவாரத்தில் இருக்கிற இந்த ஏரியை 2010-ல் சேலத்து மக்களே கூடித் தூர்வாரி, நடுவில் மண் திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். இப்போது அந்தத் திட்டுகள்தான் பறவைகளின் ஹாஸ்டல்.

கரையோரத் தண்ணீரில் பச்சையாக ஏதோ மிதந்தது. "அக்கா, பாசி!" என்றேன். தலையில் ஒரு குட்டு.

"பச்சையா வழுக்கினா எல்லாத்தையும் பாசின்னு சொல்லிடறோம். இது ஆல்கா. தண்டு, இலை ஒண்ணும் கிடையாது. உன் சுவத்துல இருக்கறதுக்கு ரெண்டும் உண்டு. ரெண்டும் வேற வேற குடும்பம்டா."

சாக்கடைத் தண்ணீர் கலந்து சத்து அதிகமாகும்போது ஆல்காவும் ஆகாயத்தாமரையும் ஏரியை மூடிவிடும். ஆகாயத்தாமரை தென்னமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி, திரும்பிப் போகவே இல்லை. அது மூடினால் கீழே இருக்கிற செடிகளுக்கு வெளிச்சம் போய்விடும். பச்சையா இருந்தாலே ஏரி நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை மக்களே!

அடுத்தது மோகனூர், அம்மாயி வீடு. காவிரித் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கரையில் நாலு இதழாக விரிந்த ஒரு செடியை அக்கா காட்டினாங்க. ஆரைக்கீரை! அம்மாயி பருப்பு போட்டுக் கடைகிற அதே கீரை. இது பூக்காது. சேற்றில் வளர்கிற பெரணி இனம். வாய்க்கால் வற்றினால், கடினமான சிறு காய் மாதிரி ஒன்றுக்குள் தன் ஸ்போர்களைப் பூட்டி வைத்து வருஷக்கணக்கில் காத்திருக்குமாம். இருபது வருஷமாகச் சாப்பிட்டிருக்கிறேன், ஒரு நாளும் விசாரித்ததில்லை.

நாங்கள் கொல்லிமலை போகிறோம் என்றதும் அம்மாயி முகம் மலர்ந்தது. "கண்ணு, வரையில முடவாட்டுக்கால் கெழங்கு வாங்கியாந்துரு. முட்டி வலி உசுரு போவுது."

"ஒரு கிலோ போதுமா அம்மாயி?"

"ரெண்டா வாங்கிக்க சாமி."

மறுநாள் காலை நாமக்கல்லில் பஸ் ஏறி, சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் முள்ளும் காய்ந்த புதருமாக நம்ம ஊர் முகம்தான். முப்பது வளைவு தாண்டியதும் தடுப்புச் சுவர்களில் பச்சை எட்டிப் பார்த்தது. ஐம்பதைத் தாண்டியதும் மரத்தண்டெல்லாம் ஸ்வெட்டர் போட்டிருந்தது. உயரம் ஏற ஏறக் குளிர், மூடுபனி, நிழல். பாசிக்கு வேறென்ன வேண்டும்? பின் சீட்டில் ஒருத்தர் வாந்தி எடுக்க, எனக்கும் வயிறு கலங்க, அக்கா மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அய்யோ, எவ்வளவு அழகு!" என்றாங்க.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். எல்லாரும் மூச்சு வாங்கி அருவியைப் பார்க்க, நாங்கள் படிக்கு ஒரு தடவை உட்கார்ந்து படியோரத்தைப் பார்த்தோம். ஒன்று இறகு மாதிரி படர்ந்திருக்கிறது. ஒன்று வெல்வெட் மெத்தை. இன்னொன்று கிளையிலிருந்து தாடி மாதிரி தொங்குகிறது. சாரல் தெறிக்கிற பாறையில் தண்டே இல்லாமல் தட்டையாக ஒட்டிக்கிடந்தது லிவர்வோர்ட், பாசியின் ஒன்றுவிட்ட உறவு.

பாசியின் ஆண் செல் பெண் செல்லை அடைய நீந்தித்தான் போக வேண்டும். அதற்கு ஒரு மெல்லிய தண்ணீர்ப் படலம் போதும். அதனால்தான் நிலத்துக்கு வந்து 40 கோடி வருஷத்துக்கு மேலாகியும் ஈரத்தை விட முடியவில்லை. பிறகு ஒரு காம்பு நீண்டு, நுனியில் குப்பி மாதிரி ஒன்று வரும். உள்ளே ஸ்போர்கள். பல வகைகளில் குப்பியின் வாயைச் சுற்றிப் பற்கள் உண்டு. காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அவை அசைந்து, சமயம் பார்த்து ஸ்போரை வெளியே விடும். ஈரப்பத சென்சாரும் வால்வும் ஒரே பீஸில்! நாலு செமஸ்டரா நாங்க புராஜெக்ட்னு திணறுற விஷயம்ங்க இது.

உலகத்தில் சுமார் 12,000 வகைப் பாசிகள் இருக்கின்றன. கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த ஃபோரோ என்ற பாதிரியார், பழனி மலைப் பாசிகளை மட்டுமே தேடித் தேடிச் சேர்த்து 1961-ல் பட்டியல் வெளியிட்டார். நம்ம பக்கத்து மலைகளையும் சேர்த்து, திருச்சி ராபினாட் ஹெர்பேரியத்தின் கே.எம்.மேத்யூ 1980-களில் தடிதடியாகப் புத்தகங்கள் கொண்டுவந்தார். அது பூக்கிற செடிகளுக்கு. பூக்காததுகளைத் தேடி லென்ஸோடு அலைகிற ஆட்கள் இன்னும் குறைவுதான்.

"இதுக்கெல்லாம் என்னக்கா பிரயோஜனம்?" என்றேன், அக்மார்க் இன்ஜினீயரிங் புத்தியோடு.

அக்கா ஒரு கொத்துப் பாசியை விரலால் லேசாக அழுத்தினாங்க. தண்ணீர் சொட்டியது. தன் காய்ந்த எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துவைத்து, மெதுவாகத்தான் விடும். வெறும் பாறையில் முதலில் ஒட்டுகிறவற்றில் இதுவும் ஒன்று. அதில் தூசி தங்கி, மண்ணாகி, அந்த மண்ணில் பெரணி முளைத்து, அப்புறம்தான் மரம். இந்த அருவியின் அய்யாறு மலையிறங்கி, புளியஞ்சோலை வழியாகத் திருச்சிப் பக்கத்துச் சமவெளிக்குப் போகிறது. காடும் மண்ணும் அந்தத் தண்ணீரைக் காப்பாற்றுகிற வேலையில் பாசிக்கும் ஒரு பங்கு.

மேலே ஏறி வந்ததும் கால் நடுங்கியது. சூப் கடை! முடவாட்டுக்கால் சூப். மிளகு, சீரகம் தூக்கலாக... சத்தியமா ஆட்டுக்கால் சூப் மாதிரியே இருந்துச்சு. பக்கத்தில் சாக்குப் பையில் கிழங்குகள் குவிந்திருந்தன. பழுப்புச் செதில் மூடி, ரோமத்தோடு இருக்கிற ஆட்டுக்கால் போலவே.

"நம்ம டூர்ல இதுவும் சேர்த்திடா" என்றாங்க அக்கா. ஆமாம், முடவாட்டுக்காலும் பெரணிதான். டிரைனேரியா குவெர்சிஃபோலியா. கிழங்கு என்கிறோமே, அது அதன் தண்டு. பாறையிலும் மரத்திலும் ஊர்ந்து வளரும். இதற்கு இரண்டு விதமான இலைகள். பச்சை இலை சமைக்கும். காய்ந்த பழுப்பு இலை கிண்ணம் மாதிரி நின்று, மேலிருந்து விழுகிற சருகைப் பிடித்து உரமாக்கிக்கொள்ளும். மண்ணே இல்லாமல் தனக்கென்று ஒரு தோட்டம்!

கடைக்கார அக்காவிடம், "இதை எங்கேர்ந்துங்க எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"முன்னெல்லாம் ஊட்டுக்குப் பின்னால பாறையிலயே கெடக்கும் தம்பி. இப்ப ரொம்ப தூரம் உள்ள போவணும். கீழேர்ந்து வர்றவங்க எல்லாம் கிலோ கிலோவா கேக்கறாங்களே."

கீழேர்ந்து வர்றவங்க. அதாவது நான்தான். ரெண்டு கிலோ ஆர்டரோடு வந்து நிற்கிற ஆள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. இந்த மலையில் தினையும் சாமையும் விளைந்த நிலங்களில் மரவள்ளி ஏறியதும், கீழே நம்ம சேகோ ஃபேக்டரிகளுக்காகத்தான். சமவெளி கேட்கிறது, மலை கொடுக்கிறது. எவ்வளவு கேட்கலாம் என்று மட்டும் நாம் யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

"வாங்காம போயிடலாமாக்கா?"

"அம்மாயிகிட்ட நீ பேசு" என்று ஒதுங்கிக்கொண்டாங்க. பிறகு அவங்களே சொன்னாங்க, "மொத்தமா பெயர்த்தாத்தான்டா போச்சு. நுனியை விட்டுவெச்சா திரும்ப வளரும். நுனியோட ஒரு துண்டை மரத்துல கட்டிவெச்சாலும் பிடிக்கும்."

அவ்வளவு குவியலில் தேடி, நுனியில் உயிர் இருக்கிற ஒரே ஒரு கிழங்கு வாங்கினேன். கால் கிலோகூட வராது.

மோகனூரில் அம்மாயி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "இதென்ன கண்ணு, ஒத்தைக் கால்?" என்றது. நடந்ததைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் அரிவாள்மனையை எடுத்து, பாதி சூப்புக்கு, நுனியோடு பாதி தனியாக என்று வெட்டியது. அந்தப் பாதியை வீட்டு மாமரக் கவட்டையில் வைத்து, தேங்காய் மட்டை நாரால் நானும் அக்காவும் கட்டினோம். முட்டி வலிக்கு அம்மாயி டாக்டர் மாத்திரையும் சாப்பிடுகிறது, சூப்பும் குடிக்கிறது. எது கேட்டதென்று எனக்குத் தெரியாது.

ஆனால் போன வாரம் போனில், "கண்ணு, பச்சையா ஒண்ணு சுருட்டிக்கிட்டு எட்டிப் பாக்குது. தெனமும் தண்ணி தெளிக்கறேன்" என்றது.

ஹாஸ்டல் சுவருக்கு நானும் இன்னும் ஒன்றும் ஊற்றவில்லை. துணி எடுக்க மட்டும், சுத்து வழியில் போகிறேன்!