எந்தக் குலத்துக் கட்டம்?

மகளின் திருமணத்திற்கு நான்கு திங்களே எஞ்சியிருந்தன. கிளாஸ்கோ நகரில் வாழும் அந்த ஓய்வுபெற்ற வரலாற்றாசிரியர், மணநாளில் அணிவதற்குரிய மடிப்புடைக்கு அளவு கொடுக்கச் சென்றார். மகளைக் கைப்பற்றி மணமேடைக்கு அழைத்துச் செல்லும் தந்தை ‘கில்ட்’ அணிந்து செல்வது ஸ்காட்லாந்தில் பலரும் போற்றும் வழக்கம். நாடாவைத் தோளில் இட்டுக்கொண்டு தையற்காரர் கேட்டார்: “ஐயா, தாங்கள் எந்தக் குலம்?”

ஆசிரியரிடம் விடை இல்லை.

கில்ட்டுக்குரிய துணி ‘டார்ட்டன்’ எனப்படும் கட்டமிட்ட கம்பளித் துணியாகும். பாவிலும் ஊடையிலும் ஒரே வண்ண வரிசை அமையுமாறு அதனை நெய்வர். குலத்துக்கொரு கட்டம் உண்டு என்பது உலகெங்கும் பரவியுள்ள நம்பிக்கை. குலத்தைக் குறிக்கும் ‘கிளான்’ என்னும் சொல், கேலிக் எனப்படும் மலைநாட்டு மொழியில் ‘பிள்ளைகள்’ என்னும் பொருளிலிருந்து வந்தது. தமிழில் ‘மக்கள்’ என்ற சொல் பிள்ளைகளையும் மாந்தரையும் ஒருங்கே குறிப்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். யாருடைய பிள்ளைகள் என்பதையே அந்தக் கட்டங்கள் சொல்வதாக நம்பப்படுகிறது.

ஆசிரியரின் குடும்பப் பெயர் ‘பிளாக்’. கருப்பு என்று பொருள்படும் எளிய பெயர். கடையிலிருந்த பெயர்ப் பட்டியலோ அப்பெயருக்கு நேரே லமாண்ட், மாக்கிரெகர், மாக்லீன் என மூன்று குலங்களைக் காட்டியது. வீட்டில் கேட்டபோது குழப்பம் மிகுந்தது. “நாம் மாக்கிரெகர்தான், தம்பி. அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன்” என்றார் தமக்கையார். லமாண்ட் என்று சிறிய தந்தை கூறியது ஆசிரியரின் நினைவில் இருந்தது. சொன்னவர் இருவருமே இன்று இல்லை.

ஆசிரியர் எடின்பரோவுக்குச் சென்று ஆவணங்களைப் புரட்டினார். ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களை அரசே பதியத் தொடங்கியது 1855இல்தான். அதற்கு முற்பட்டவற்றைத் திருச்சபைப் பதிவேடுகளில் தேட வேண்டும். அவையோ முழுமையானவை அல்ல. ஐந்து தலைமுறைக்கு அப்பால் ‘பிளாக், கூலியாள்’ என்ற ஒரு வரி கிடைத்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. முப்பது ஆண்டுகள் பிறர் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பித்தவருக்குத் தம் வீட்டு வரலாறு தெரியவில்லை என்பது உள்ளத்தை உறுத்தியது.

ஆயினும் அந்த வெறுமைக்கும் ஒரு காரணம் இருந்திருக்கலாம். 1603இல் மாக்கிரெகர் என்னும் பெயரே அரசாணையால் ஒழிக்கப்பட்டது. அப்பெயரை விடாதவருக்கு மரண தண்டனை. இடையில் சில காலம் தளர்ந்த அத்தடை, முற்றாக நீங்கியது 1774இல்தான். அக்குலத்தார் உயிர் பிழைக்க வேற்றுப் பெயர்களைப் பூண்டனர். லமாண்ட் குலத்தாரும் 1646இல் டனூன் என்னுமிடத்தில் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். தப்பியோர் பிளாக், பிரௌன், ஒயிட் என நிறப் பெயர்களுக்குள் மறைந்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. அவர்களுள் ஒருவர்தாம் தம் முன்னோர் என்றால், தம்மைக் கண்டறிய முடியாதபடி மறைந்து வாழ்ந்ததால்தான் அவர் வழி தழைத்தது என்று ஆசிரியர் எண்ணினார்.

தேடத் தேட மற்றோர் உண்மையும் புலப்பட்டது. குலத்துக்கொரு கட்டம் என்ற முறை அத்துணைப் பழமையானதன்று. 1746இல் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்றபின், அவர்தம் உடையைத் தடைசெய்ய அவ்வாண்டே சட்டம் பிறந்தது. முதல் முறை மீறினால் ஆறு திங்கள் சிறை. மறுமுறை மீறினால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல் அச்சட்டம் நீங்கியது. பானக்பர்ன் என்ற ஊரில் இருந்த வில்சன் நெசவுக்கூடத்தார் தம் கட்டங்களை எண்களாலும் ஊர்ப் பெயர்களாலும் விற்று வந்தனர். எண்ணால் வழங்கிய ஒரு கட்டம் பின்னர் ‘கிட்’ எனப் பெயர்பெற்று, அதன்பின் மாக்பர்சன் குலத்ததாயிற்று. 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வரவேற்பை முன்னின்று நடத்திய எழுத்தாளர் வால்டர் ஸ்காட் குலத் தலைவர்களை டார்ட்டன் உடையில் வரச் செய்தார். அதன்பின் குலக் கட்டங்களுக்கு வேட்கை பெருகியது. 1842இல் வெளிவந்து பல கட்டங்களுக்கு மூலமான ‘வெஸ்டியாரியம் ஸ்காட்டிகம்’ என்னும் நூல் போலி எனப் பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது.

“அப்படியானால் எல்லாம் பொய்யா?” என்று தமக்கையார் வருந்தினார். “பொய் என்று தள்ளிவிட முடியாது, அக்கா. இருநூறு ஆண்டுகள் மக்கள் அன்போடு உடுத்தியது அவர்களுக்கு உண்மையாகிவிட்டது. ஆனால் நாம் இன்னார் என்று நமக்கே தெரியாதபோது, தெரிந்தவர்போல் உடுத்துவதுதான் எனக்கு ஒப்பவில்லை” என்றார் தம்பி.

இன்ன குலத்தார்தாம் இன்ன கட்டத்தை அணியலாம் என்று தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. குலமறியாதோர் ‘பிளாக் வாட்ச்’ என்னும் படைப்பிரிவின் கட்டத்தையோ, ஊர்களுக்கும் வட்டாரங்களுக்கும் உரிய கட்டங்களையோ தேர்வதுண்டு. 2008இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2009இல் திறக்கப்பட்ட டார்ட்டன் பதிவேட்டில் புதுக் கட்டத்தையே பதிந்துகொள்ளவும் வழியுண்டு. வழிகள் பலவாக இருந்தமையால் ஆசிரியர் தம்மையே வினவினார்: ஐயமின்றி நாம் அறிந்தது எது?

விடை எளிதாக வந்தது. தந்தையைப் பெற்ற பாட்டி, பெய்ஸ்லி நகரின் நூலாலையில் பதின்மூன்று வயது முதல் வேலை செய்தவர். நூல் இழுத்துக் காய்த்துப்போன அந்த விரல்களைப் பற்றிக்கொண்டுதான் பேரர் இருவரும் நடை பழகினர். காஷ்மீரச் சால்வைகளைப் பார்த்து நெய்து பெயர் பெற்ற ஊர் அது. நம் பட்டுச் சேலைகளில் காணும் மாங்காய் வடிவத்தை ஆங்கிலத்தில் இன்றும் அவ்வூரின் பெயராலேயே வழங்குகின்றனர். பெய்ஸ்லிக்கென்று 1952இல் வரையப்பட்ட கட்டம் ஒன்றும் உண்டு. அதில் எட்டுக் கெஜம் நெய்து தருமாறு ஆசிரியர் தையற்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார்.

தமக்கையாருக்கு முதலில் மனக்குறைதான். திருமண நாளன்று, தம்பியின் உடையில் கலைந்திருந்த ஒரு மடிப்பை நீவிவிடக் குனிந்தவர், விரலை எடுக்காமல் சிறிது நேரம் நின்றார். “பாட்டி பார்த்திருந்தால், நூல் நல்ல நூல்தானா என்று முதலில் இழுத்துப் பார்த்திருப்பாள்” என்றார். இருவரும் சிரித்தனர்.

முன்னோரை அறிய விழைவது மனித இயல்பு, அவ்விழைவு பழிக்கத்தக்கதன்று. ஆனால் அறியாத பெருமையைக் கடன் வாங்கிப் பூணுவதைவிட, அறிந்த ஓர் எளிய உழைப்பாளியின் நினைவைப் பூணுவது மேன்மையுடையது. மறைந்துபோன பெயருக்கும் அந்த ஆசிரியர் அவ்வாறே மரியாதை செய்தார்.